‘இரண்டாம் உத்தரவு’ வரும்வரை

கேள்வி: “ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகளைப் படிக்க விடாமல் நிறுத்தி நாலு வருஷம் தாண்டிவிட்டது. ஐ.நா. கண்டிக்கிறது, எல்லா நாடுகளும் கண்டிக்கின்றன, ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுக்குப் படிப்பைத் திரும்ப வாங்கித் தர உண்மையிலேயே வழி இருக்கிறதா, இல்லை எல்லாம் வெறும் பேச்சுதானா?”

கண்டனம் வெறும் பேச்சுதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வழி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு குழுவோடு சேர்ந்து காபூல் பெண்பிள்ளைகள் சிலருக்கு வாரம் இரண்டு நாள் இணையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். திங்கள், புதன், நம்ம ஊர் நேரம் இரவு ஏழரை, அவர்களுக்கு ஆறரை. அந்த அனுபவமும், இந்த விஷயத்தைத் தொடர்ந்து படித்துவருவதும்தான் என் தகுதி. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். காகிதத்தில் பார்த்தால் அங்கே பெண்கல்விக்குத் தடையே இல்லை. ‘ஒத்திவைப்பு’தான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 15இல் தாலிபான் காபூலைப் பிடித்தது. செப்டம்பரில் ஏழாம் வகுப்பு முதலான பள்ளிகளைத் திறந்தபோது பையன்களும் ஆண் ஆசிரியர்களும் வரலாம் என்று அறிவித்தார்கள். பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வரக்கூடாது என்றும் சொல்லவில்லை, வரலாம் என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், படிப்பு நின்றுவிட்டது.

பிறகு 2022 மார்ச் 23. புதிய கல்வியாண்டின் முதல் நாள். பெண்களுக்கும் பள்ளி திறக்கும் என்று கல்வி அமைச்சகமே சொல்லியிருந்தது. கறுப்பு அங்கியும் வெள்ளை முக்காடுமாக, ஏழு மாதம் கழித்துப் பிள்ளைகள் வந்து வகுப்பில் உட்கார்ந்தார்கள். சில மணி நேரத்தில், தாலிபான் தலைவர் இருக்கும் காந்தகாரிலிருந்து வந்த முடிவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. சீருடை ஷரியத்துக்கும் ஆப்கன் பண்பாட்டுக்கும் ஏற்றபடி முடிவாகும்வரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அழுதுகொண்டே பள்ளியைவிட்டு வெளியே வந்த பிள்ளைகளின் படங்களை அன்று உலகமே பார்த்தது. அந்தச் சீருடை இன்றுவரை முடிவாகவில்லை.

2022 டிசம்பர் 20இல் பல்கலைக்கழகங்கள் மூடின. அதற்கு முன்பே மாணவிகளுக்கு ஒரு நேரம், மாணவர்களுக்கு ஒரு நேரம் என்று பிரித்துத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள், அதுவும் போதவில்லை. 2024 டிசம்பரில், மிச்சமிருந்த மருத்துவச்சி, செவிலியர் பயிற்சி நிலையங்களும் மூடின. ஏறக்குறைய ஒவ்வொரு உத்தரவிலும் ஒரே வால்: மறு உத்தரவு வரும்வரை. அங்கே பேசும் தாரி மொழியின் அலுவலகக் கடிதங்களில் அதை ‘அம்ரே ஸானி’ என்று எழுதுவார்கள், அதாவது இரண்டாம் உத்தரவு. 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தாகி டெல்லி வந்தாரே, நினைவிருக்கும். முதல் பத்திரிகையாளர் சந்திப்பில் பெண் நிருபர்களை விடவில்லை என்று பெரிய கூச்சல் எழுந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு சந்திப்பு வைத்தார்கள். முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டார்கள். பெண்கல்வியை நாங்கள் ஹராம் (மார்க்கத்தில் விலக்கப்பட்டது) என்று சொல்லவில்லை, இரண்டாம் உத்தரவு வரும்வரை ஒத்திவைத்திருக்கிறோம் என்றார். 28 லட்சம் பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றும் கணக்குச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டிப் பள்ளியில் உட்கார முடியாது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

ஆறாம் வகுப்போடு வெளியேற மனமில்லாமல், தேர்ச்சி பெற்ற பிறகும் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றிச் செய்திகள் வந்தன. நம்ம ஊரில் ஃபெயிலானால் அழுவார்கள். அங்கே பாஸானால் அழுகை.

யுனெஸ்கோ, யுனிசெஃப் கணக்கில் 2025 வாக்கில் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பை இழந்த பெண்பிள்ளைகள் சுமார் 22 லட்சம். தடை 2030 வரை நீடித்தால் 40 லட்சத்தைத் தாண்டும் என்கிறது யுனிசெஃப்.

சரி, யார் பிடித்த பிடி இது? தாலிபான் மொத்தமும் ஒரே குரலில் இல்லை. காந்தகாரில் இருக்கும் தலைவர் ஹிபதுல்லா அகுந்த்சாதாவும் அவரைச் சுற்றியுள்ள உலமாக்களும் (மார்க்க அறிஞர்கள்)தான் முடிவெடுக்கிறார்கள். காபூல் அமைச்சர்களில் பலர் இதை விரும்பவில்லை என்பது ஊரறிந்த ரகசியம். வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்த ஷேர் முகமது அப்பாஸ் ஸ்தானிக்சாய் (1980களில் டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி எடுத்தவர்) 2025 ஜனவரியில் கோஸ்ட் மாகாணத்தில் ஒரு மதரசா பட்டமளிப்பில் எழுந்து, பெண்கல்வித் தடைக்கு எந்தச் சாக்கும் கிடையாது, 4 கோடி மக்களில் 2 கோடிப் பேருக்கு நாம் அநியாயம் செய்கிறோம் என்று பேசினார். அதன் பிறகு அவர் நாட்டில் இல்லை. துணை அமைச்சருக்கே அந்தக் கதி என்றால் பள்ளித் தலைமையாசிரியை என்ன பேசுவார்?

மார்க்க வாதத்தை வைத்துத் தலைவரின் மனதை மாற்றலாம் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பல்கலைக்கழகத் தடை வந்த அதே வாரத்தில், இது ஷரியத்துக்கே முரணானது என்று எகிப்தின் அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலையத்தின் தலைமை இமாம் அறிக்கை விட்டார். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு உலமாக்களை அனுப்பிப் பார்த்தது. உலகில் வேறெந்த முஸ்லிம் நாட்டிலும் இப்படியொரு தடை கிடையாது. எல்லாம் கல்லில் நார் உரித்த கதைதான். ஆனால் அந்த வாதத்துக்கு வேறொரு பயன் உண்டு. ஊரில் மகளை இரகசிய வகுப்புக்கு அனுப்பும் தகப்பனுக்கு, நாம் செய்வது பாவமில்லை என்ற தைரியத்தை அது தருகிறது. மதியுல்லா வேசா இதைத்தான் செய்தார். பென்பாத் என்ற அமைப்பைத் தொடங்கி, மோட்டார் சைக்கிளில் புத்தகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பஷ்தூன் கிராமங்களில் பெரியவர்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார். 2023 மார்ச்சில் பிடித்துக்கொண்டுபோய் ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். மேற்கத்தியப் பாணி ஆள் என்று அவரை ஒதுக்க முடியவில்லை. காந்தகார்க்காரர், தலைப்பாகையும் தாடியுமாக இருப்பவர். அதனால்தான் ஆபத்தானவராகத் தெரிந்தார் என்பது என் ஊகம்.

வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளி என்பது ஏதோ அமெரிக்கா கொண்டுவந்த பொருள் என்ற பேச்சை நம்பிவிடுவோம். காபூலில் பெண்களுக்கான முதல் பள்ளி 1921இல், மன்னர் அமானுல்லாவும் அரசி சொரயாவும் திறந்தது. 1928இல் ஒரு மாணவியர் குழுவையே துருக்கிக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே கலகம், அடுத்த வருஷம் மன்னர் ஓடினார், பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல மெல்லத் திறந்து, 1960களில் காபூல் பல்கலைக்கழகத்தில் பெண்கள் சாதாரணமாக நடமாடினார்கள். 1978இல் வந்த கம்யூனிஸ்ட் அரசு கிராமத்துப் பெண்களைக் கட்டாயப்படுத்தி எழுத்தறிவு வகுப்பில் உட்காரவைக்கப் போய், அடுத்த வருஷம் மேற்கே ஹெராத் நகரில் நடந்த கலகத்துக்கு அதுவும் ஒரு காரணமானது. அதாவது பெண்கள் பள்ளி என்றாலே மேலிருந்து, தலைநகரிலிருந்து, சில நேரம் அந்நியப் பட்டாளத்தின் துணையோடு வருவது என்ற கறை ஒட்டிக்கொண்டது. தாலிபான் சவாரி செய்வது அந்தக் கறையின் மேல்தான்.

2001இல் முந்தைய தாலிபான் ஆட்சி விழுந்த பிறகான இருபது ஆண்டையும் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். கட்டடம் இருக்கும், சம்பளப் பட்டியலில் ஆசிரியர் இருப்பார், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ‘பேய்ப் பள்ளிகள்’ இருந்தன. கிராமங்களில் நிறையப் பெண்பிள்ளைகள் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. ஆனாலும் 2001இல் வெறும் 5,000 ஆக இருந்த உயர்கல்வி மாணவிகள் 2021இல் ஒரு லட்சமானார்கள். காபூலின் மேற்கே தஷ்தே பர்ச்சியில் ஹசாரா என்ற சிறுபான்மை இனப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வெளியே 2021 மே 8இல் குண்டு வெடித்து 85 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் மாணவிகள். அதே பகுதியில் 2022 செப்டம்பர் 30இல், நுழைவுத்தேர்வான கான்கோருக்குத் தயார் செய்யும் காஜ் பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவர்கள் நடுவே இன்னொரு குண்டு. ஐம்பதுக்கு மேற்பட்ட சாவு. அவர்களிலும் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். அதற்குப் பிறகும் அக்டோபரில் பெண்கள் கான்கோர் எழுதப் போனார்கள். பொறியியல், பொருளாதாரம், இதழியல் போன்றவற்றை அவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று சொன்ன பிறகும் போனார்கள். ஆசை வெளியிலிருந்து ஊட்டப்பட்டது என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

இப்போது யாரும் அதிகம் பேசாத, எனக்கு அதிகம் பயமூட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

நாளைக் காலை அகுந்த்சாதா மனம் மாறி இரண்டாம் உத்தரவு போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி உடனே நடந்துவிடுமா? பெண்பிள்ளைகளுக்குப் பெண்தான் பாடம் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பெண் ஆசிரியர் எங்கிருந்து வருவார்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆசிரியர் கல்லூரியில் படித்துத்தான் வர வேண்டும். அந்தக் கல்லூரியும் மூடியிருக்கிறது, அதற்கு ஆள் அனுப்பும் பள்ளியும் மூடியிருக்கிறது. 2021இல் ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளை 2026 கடைசியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்க வேண்டும். அவளோடு சேர்த்து ஆறு வகுப்புப் பிள்ளைகள் காணாமல் போய்விட்டார்கள். இருக்கும் ஆசிரியைகளுக்கு வயதாகிறது, சிலர் நாட்டைவிட்டுப் போகிறார்கள். வீட்டில் உட்காரவைக்கப்பட்ட பெண் அரசு ஊழியர்களின் சம்பளத்தை 2024இல் மாதம் 5,000 ஆப்கானியாக (அந்நாட்டு நாணயம்) வெட்டினார்கள். கொஞ்ச காலத்தில் அனுமதி உள்ள ஆறாம் வகுப்பு வரையிலும்கூடப் பாடம் எடுக்க ஆள் இருக்காது. தடை இல்லாமலேயே தொடக்கப்பள்ளியும் காலியாகும்.

இது பையன்களையும் விடவில்லை. பெண் ஆசிரியர்கள் ஆண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கூடாது என்றார்கள். அந்த இடத்துக்குத் தகுதியான ஆண்கள் கிடைக்கவில்லை. 2019இல் 68 லட்சமாக இருந்த தொடக்கப்பள்ளிச் சேர்க்கை, பையன்களையும் சேர்த்து, 2022இல் 57 லட்சமாக இறங்கியது.

மருத்துவச்சி விஷயம் இன்னும் கொடுமை. ஆண் மருத்துவரிடம் பெண்கள் போவதற்குப் பல இடங்களில் கட்டுப்பாடு. பேறுகாலத்துக்குப் பெண் வேண்டும். 2020 மதிப்பீட்டின்படி அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 600 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். உலகிலேயே மோசமான எண்களில் ஒன்று. அந்த நாட்டில் 2024 டிசம்பரில் மருத்துவச்சிப் பயிற்சியை நிறுத்துகிறார்கள் என்றால் கணக்குப் போட அதிகப் படிப்பு வேண்டாம். 2025 ஆகஸ்ட் கடைசியில் குனார் நிலநடுக்கத்தில் 2,000 பேருக்கு மேல் இறந்தபோது, காயம்பட்ட பெண்களைத் தொட்டுச் சிகிச்சை செய்யப் பெண் மருத்துவப் பணியாளர்கள் போதவில்லை என்ற குரல் பல உதவி அமைப்புகளிடமிருந்து வந்தது.

ஆகவே ‘மீட்டுத் தருவது’ என்பதில் இரண்டு வேலை இருக்கிறது. கதவைத் திறக்கவைப்பது ஒன்று. அது நம் கையில் இல்லை. கதவு திறக்கும் நாளில் உள்ளே நின்று பாடம் எடுக்க ஆளை உருவாக்கி வைத்திருப்பது இன்னொன்று. அது ஓரளவு கையில் இருக்கிறது, அதற்குக் கெடுவும் இருக்கிறது. உலகம் முதல் வேலைக்குத்தான் வாயைக் கொடுக்கிறது, இரண்டாவதுக்குக் கையைக் கொடுப்பதில்லை.

என் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது பேர். கேமரா போட மாட்டார்கள், சொந்தப் பெயரும் போட மாட்டார்கள். திரையில் ஒன்பது கறுப்புக் கட்டம். வாசிக்கச் சொன்னால் ஒருத்தி மைக்கைத் திறப்பாள், பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். அக்கா துணி தைக்கிறாள் என்பாள். சில மாதம் கழித்து மெஷின் சத்தம் அவள் வாசிக்கும்போது நிற்க ஆரம்பித்தது, வாசித்து முடித்ததும் ஓட ஆரம்பித்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இப்போது தைப்பது அவள்தான் என்று பிறகு தெரிந்தது. 1990களில், முந்தைய தாலிபான் காலத்தில், ஹெராத் பெண்கள் தையல் வகுப்பு என்று பெயர்ப்பலகை மாட்டி, பையில் துணிக்கு அடியில் நோட்டை ஒளித்துக் கொண்டுபோய் இலக்கியம் படித்தார்கள். முப்பது வருஷம் கழித்தும் தையல் மெஷின்தான் துணை.

2025 செப்டம்பர் 29, திங்கள்கிழமை. ஏழரைக்கு வகுப்பைத் திறந்தேன். ஏழே முக்கால் ஆயிற்று, எட்டு ஆயிற்று, என் கட்டம் மட்டும் தனியாக இருந்தது. நாடு முழுக்க இணையத்தையும் தொலைபேசியையும் வெட்டிவிட்டார்கள் என்று பிறகு செய்தியில் பார்த்தேன். சுமார் 48 மணி நேரம். புதன்கிழமை நாலு பேர் வந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கொடுத்திருந்த பத்தியை எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தத் தையல்காரப் பெண் ஒருநாள் கேட்டது இதுதான்: எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை முடித்துவிட்டேன், சர்டிஃபிகேட் யார் கொடுப்பார்கள்?

என்னிடம் பதில் இல்லை. மொத்த விஷயத்தின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பாடம் போய்ச் சேர்கிறது. வீட்டு வகுப்புகள் நடக்கின்றன. பாரிஸிலிருந்து பேகம் டிவி 2024 முதல் ஏழிலிருந்து பன்னிரண்டு வரைக்கான பாடங்களை தாரியிலும் பஷ்தோவிலும் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்புகிறது. டிஷ் இருந்தால் போதும், இணையம் வேண்டாம். யுனிசெஃப் துணையோடு ஊர்ப் பொதுவிடங்களில் நடக்கும் சமுதாய வகுப்புகள் தொடக்கநிலையைத் தாங்குகின்றன. ஆனால் இவற்றில் படித்தவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. அந்தக் காகிதம் இல்லாமல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சேர்க்காது, நாளைக்குப் பள்ளி திறந்தால் ஆசிரியை வேலையும் கிடைக்காது.

எனவே என்னைக் கேட்டால் முதல் தேவை, தாலிபான் அமைச்சகத்தைத் தாண்டி, பல நாடுகள் ஏற்றுக்கொள்ளும் ஒரு பள்ளி இறுதிச் சான்றிதழ். வானத்தைக் கிழிக்கும் வேலை இல்லை. நம் நாட்டின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வெளிநாடுகளிலும் மாணவர்களைச் சேர்க்கிறது, வளைகுடாவிலும் நேபாளத்திலும் தேர்வு நடத்துகிறது. காபூலில் தேர்வு மையம் வைக்க முடியாது என்பது உண்மை. வீட்டிலிருந்து எழுதும் தேர்வைக் கண்காணிப்பதும் தலைவலிதான். ஆனால் கோவிட் காலத்தில் பெரிய பெரிய தேர்வுகளை வீட்டிலிருந்தே எழுதவிட்ட உலகம் இது. மனம் இருந்தால் செய்யலாம்.

வெளியே எடுத்துப் படிக்கவைப்பதும் ஒரு வழி, ஆனால் குறுகலானது. சோலா என்ற பெண்கள் உறைவிடப் பள்ளி 2021 ஆகஸ்டில் மாணவிகளோடும் ஆசிரியர்களோடும் மொத்தமாக ருவாண்டாவுக்குப் போய் அங்கே நடக்கிறது. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் ஆப்கன் மாணவிகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2023 ஆகஸ்டில், துபாயில் படிக்க உதவித்தொகை கிடைத்து காபூல் விமான நிலையம்வரை வந்த மாணவிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நூறு பேருக்குத் துபாய் தொழிலதிபர் ஒருவர் இடம் வாங்கி வைத்திருந்தார். ஒரு பெண் கூடவே ஆண் துணையைக் கூட்டிவந்தும் விடவில்லை.

இந்தியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஆயிரம் ஆப்கன் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்த நாடு நாம். 2021 ஆகஸ்டில் ஏற்கெனவே கொடுத்திருந்த விசாக்களை ரத்து செய்தோம். விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் பாதிப் படிப்போடு அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நாட்டுக்குள்ளிருந்தபடியே சென்னை ஐஐடியில் எம்.டெக் வேதிப்பொறியியல் முடித்த ஓர் ஆப்கன் பெண்ணைப் பற்றிச் செய்தி வந்தது. பேராசிரியர்கள் நினைத்தால் இப்படியும் நடக்கும் என்பதற்கு அது போதும். தூதரகத்தைத் திரும்பத் திறந்திருக்கும் நாடு, மாணவிகளுக்கு விசா என்பதையும் மேசைமேல் வைக்கலாம்.

அழுத்தம் கொடுக்கும் வழி? சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2025 ஜூலை 8இல் அகுந்த்சாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும், பாலின அடிப்படையிலான கொடுமைக்காகக் கைது வாரண்ட் பிறப்பித்தது. காந்தகாரைவிட்டு நகராத மனிதருக்கு வாரண்ட் என்ன செய்யும் என்று சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். பெயர் பதிவானது நல்லது. ஆனால் அதே ஜூலையில், சில நாள் முன்புதான், ரஷ்யா தாலிபான் அரசை முறைப்படி அங்கீகரித்தது. அங்கீகாரம் வேண்டுமா, பள்ளியைத் திற என்று பேரம் பேச உலகத்திடம் இருந்த ஒரே சாவி, ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் தேய்ந்துகொண்டிருக்கிறது. உதவிப் பணத்தை நிறுத்தினால் வழிக்கு வருவார்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. பணம் நின்றபோது முதலில் மூடியது கிராமத்துச் சமுதாய வகுப்பும் பிரசவ நிலையமும்தான். காந்தகாரில் யாருக்கும் பசிக்கவில்லை.

தனி ஆளாக என்ன செய்யலாம் என்றுதான் அடுத்துக் கேட்பீர்கள். கல்லூரியில் வேலை பார்ப்பவராக இருந்தால், சான்றிதழ் இல்லாத ஆப்கன் மாணவியை நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்க உங்கள் விதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேளுங்கள். கணக்கோ அறிவியலோ ஆங்கிலத்தில் சொல்லித்தரத் தெரிந்தால் வாரம் இரண்டு மணி நேரம் கொடுங்கள், ஆனால் ஒரு வருஷமாவது நிற்பதாக இருந்தால் மட்டும். மூன்று வகுப்பு எடுத்துவிட்டு மறைந்த தன்னார்வலர்கள் அவர்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர். வகுப்பின் ஸ்கிரீன்ஷாட்டை எங்கேயும் போடாதீர்கள். கேமராவை நீங்கள் மட்டும் போடுங்கள், அவர்களைப் போடச் சொல்லாதீர்கள். பின்னால் மெஷின் ஓடினால் மியூட் செய்யச் சொல்ல வேண்டாம். அவள் வாசிக்கும்போது தானே நிறுத்துவாள்.